பத்துக் கிலோ எதன் எடை? ஷீஷம் மரத்துக்கு வந்த சட்டமும் சிறு பட்டறைகளும்

20 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம், 8 செ.மீ. உயரம், பலகைக் கனம் 1 செ.மீ. மூடியில் திராட்சைக்கொடி செதுக்கிய நகைப்பெட்டி. உத்தரப் பிரதேசத்தின் சஹாரன்பூரில் வீட்டுத் திண்ணைப் பட்டறைகளில் காலங்காலமாகச் செய்துவரும் பொருள் இது. நன்றாக உலர்ந்த ஷீஷம் பலகையில் செய்தால் ஒரு பெட்டியில் இருக்கும் மரம் சுமார் 780 கிராம். 12 பெட்டி சேர்ந்தால் 9 கிலோ 360 கிராம். 13வது பெட்டியை வைத்தால் 10 கிலோவைத் தாண்டிவிடும்.

அந்த 13வது பெட்டி சில ஆண்டுகள் ஒரு பெரிய எல்லைக்கோடாக இருந்தது. அதற்கு இந்தப் பக்கம் இருந்தால் சாதாரண ஏற்றுமதி. அந்தப் பக்கம் போனால், அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்டிஸ்' ஒப்பந்தத்தின் கீழ் சான்று வேண்டும். புலித்தோலையும் யானைத் தந்தத்தையும் தடுக்க 1973ல் எழுதப்பட்ட ஒப்பந்தம் வாய்க்கால் கரையில் தானாக முளைக்கும் ஒரு மரத்தில் செய்த பெட்டிக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதைப் புரிந்துகொண்டால்தான், சுற்றுச்சூழல் சட்டம் சிறு கைவினைத் தொழிலை எந்த இடத்தில் நெரிக்கிறது என்பது தெரியும். சட்டத்தின் நோக்கம் அவர்களை நெரிக்கவில்லை. எதை அளக்கிறோம், யாரிடம் தாள் கேட்கிறோம் என்ற இரண்டு இடங்களில்தான் நெரிசல்.

பின்னணி இதுதான். சீனாவில் 'ஹோங்மு' எனப்படும் செந்நிற வைரக்கட்டை அறைகலன்களுக்குப் பெரும் மதிப்பு. வசதி பெருகப் பெருகத் தேவை பெருகியது. தாய்லாந்து, கம்போடியா, லாவோஸ் காடுகளில் சயாம் ரோஸ்வுட் வெட்டித் தீர்ந்தது. மடகாஸ்கரின் தேசியப் பூங்காக்களுக்குள்ளேயே கொள்ளை நடந்தது. பிறகு மேற்கு ஆப்பிரிக்காவுக்கு வெட்டு நகர்ந்தது. ஒரு இனத்தைப் பட்டியலில் சேர்த்தால் அடுத்த இனத்தின் பெயரைப் போட்டுக் கப்பலேற்றினார்கள். அறுத்த பலகையைப் பார்த்து 'இது ரோஸ்வுட் மரங்கள் அடங்கிய டல்பெர்ஜியா பேரினம்' என்று பூதக்கண்ணாடி வைத்துச் சொல்லலாம். அதற்குள் எந்த இனம் என்று துறைமுகத்தில் நிற்கும் சுங்க அதிகாரியால் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் 2016ல் ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய சைட்டிஸ் மாநாடு ஒரு முடிவெடுத்தது: பிரேசில் ரோஸ்வுட் ஏற்கெனவே மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருந்தது, மீதமுள்ள டல்பெர்ஜியா பேரினம் முழுவதும், ஏறத்தாழ 300 இனங்கள், சான்றிருந்தால் மட்டும் வணிகம் என்ற இரண்டாம் பட்டியலுக்கு வந்தன. 2017 ஜனவரி 2 முதல் நடைமுறை.

இந்த முடிவைக் குறைசொல்வது எளிது. மடகாஸ்கரில் நடந்ததைப் பார்த்தால் வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை. இனவாரியாகத் தடுப்பது தோற்றுப்போயிருந்தது.

ஆனால் அந்த 300ல் ஒன்று டல்பெர்ஜியா சிஸ்ஸூ. அதுதான் ஷீஷம். தமிழ்நாட்டு வாசகர்கள் இதை நம் ஊர் ஈட்டியோடு, அதாவது தோதகத்தியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஈட்டி டல்பெர்ஜியா லாட்டிஃபோலியா. மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டு மரம், மெதுவாக வளரும், பட்டா நிலத்தில் இருந்தாலும் அனுமதியில்லாமல் வெட்ட முடியாதபடி தமிழ்நாட்டில் அதற்கென்றே 1994ல் தனிச் சட்டம் வந்தது. ஷீஷம் அப்படியில்லை. இமயமலை அடிவாரத்தின் ஆற்று வண்டலில் பிறந்த மரம். பஞ்சாப் முதல் அசாம் வரை சாலையோரம், வாய்க்கால் கரை, வயல் வரப்பு எங்கும் நட்டு வளர்த்தது. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும், வேரிலிருந்தே கன்று விடும், அவரைக் குடும்பம் என்பதால் மண்ணில் தழைச்சத்தைச் சேர்க்கும். அமெரிக்காவின் புளோரிடாவில் இதைப் பரவிக் கெடுக்கும் அயல்மரம் என்றே பட்டியலிட்டிருக்கிறார்கள். ஒரு கண்டத்தில் களை, மறுகண்டத்தில் காப்புப் பட்டியல்.

சஹாரன்பூரின் செதுக்குவேலை, மைன்புரியின் 'தார்கஷி' எனும் பித்தளைக் கம்பி பதிக்கும் வேலை, ஜோத்பூரின் அறைகலன், எல்லைக்கு அப்பால் பாகிஸ்தானின் சினியோட் நகரத்துக் கட்டில், நாற்காலி எல்லாவற்றுக்கும் இந்த மரம்தான் முதுகெலும்பு. காரணம் உண்டு. வைரம் பாய்ந்த ஷீஷம் கன மீட்டருக்கு 770 முதல் 800 கிலோ வரை இருக்கும், உளியின் விளிம்பு நிற்கும், அரை செ.மீ. கனத்துக்கு 'ஜாலி' எனும் துளைப்பின்னல் அறுத்தாலும் குறுக்கே உடையாது. பொன்பழுப்பில் கருங்கோடு ஓடுவதால் சாயம் தேவையில்லை. வைரத்தைப் பூச்சி எளிதில் தொடாது.

2017ல் வந்த விதியின் வாசகம் வணிக ஏற்றுமதிக்கு எந்த எடை விலக்கும் தரவில்லை. 10 கிலோ வரை விலக்கு இருந்தது, ஆனால் அது வணிகம் அல்லாத அனுப்புதலுக்கு மட்டும். ஒரே ஒரு பெட்டியை விற்று அனுப்பினாலும் தாள் வேண்டும். இந்தியா ஷீஷமுக்கும் ஈட்டிக்கும் தன் மறுப்பைப் பதிவு செய்தது. அதனால் சைட்டிஸ் அனுமதிக்கு இணையான ஒரு சான்று போதும் என்ற வழி திறந்தது. கைவினைப் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டுக் குழு ஏற்கெனவே மரத்தின் சட்டபூர்வமான மூலத்தைச் சரிபார்க்க 'விருக்ஷ்' என்ற முறையை வைத்திருந்தது. ஒவ்வொரு சரக்குக்கும் அது தரும் சான்றை 2018ல் சைட்டிஸ் செயலகம் மற்ற நாடுகளுக்கு அறிவித்தது.

இங்கிருந்து பார்த்தால் சிக்கல் தீர்ந்த மாதிரி இருக்கும். வாங்குபவர் பக்கம் போய்ப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்த மரப் பொருளை இறக்க, இங்கிருந்து போகும் சான்று மட்டும் போதாது. வாங்குபவரும் தன் நாட்டில் இறக்குமதி அனுமதி எடுக்க வேண்டும். அமெரிக்காவில் வணிகமாக இறக்குபவருக்கு வேளாண் துறையின் தனி உரிமம் வேண்டும், குறிப்பிட்ட துறைமுகங்கள் வழியாகத்தான் வர வேண்டும். ஒரு பரிசுப்பொருள் கடைக்காரர் 300 பெட்டிக்காக இதையெல்லாம் செய்வாரா? 'இதே வடிவத்தை மாமரத்தில் செய்து கொடுங்கள்' என்று மின்னஞ்சல் போடுவார். அவர் செய்தது தவறும் இல்லை. அப்படித்தான் ஆர்டர்கள் போயின. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2022ல் சொன்ன மதிப்பீட்டின்படி, ஆண்டுக்கு சுமார் 1,000 கோடி ரூபாயாக இருந்த ஷீஷம் கைவினை ஏற்றுமதி 500 முதல் 600 கோடியாக இறங்கியது. ஏறத்தாழ 50,000 கைவினைஞர்களின் பிழைப்பு பாதிக்கப்பட்டது.

இந்தச் சரிவு எல்லோர் மேலும் ஒரே மாதிரி விழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சான்றுக்கான உழைப்பு அனுப்புதலின் அளவைப் பொறுத்து மாறுவதில்லை. 40 லட்சம் ரூபாய்ச் சரக்குக்கும் 2 லட்சம் ரூபாய்ச் சரக்குக்கும் அதே படிவம், அதே பில் கோப்பு, அதே காத்திருப்பு. பெரிய ஏற்றுமதியாளரிடம் இதற்கென்று ஒரு ஊழியர் இருப்பார். நான்கு உளிக்காரர்கள் உள்ள பட்டறையில் உரிமையாளரே வேலையை நிறுத்திவிட்டு அலைய வேண்டும். தாள் அதிகமாகும்போது சிறியவர் நேரடி ஏற்றுமதியைக் கைவிட்டுப் பெரியவரிடம் துணை வேலைக்காரராக மாறுகிறார். மரம் அதேதான், வெட்டும் அதேதான். லாபம் மட்டும் கைமாறுகிறது.

2019ல் ஜெனீவாவில் அடுத்த மாநாடு. ஷீஷமைப் பட்டியலிலிருந்தே நீக்கக் கோரி வங்கதேசம், பூட்டான், இந்தியா, நேபாளம் சேர்ந்து முன்வைத்த முன்மொழிவு தோற்றது. 'ஷீஷமை விட்டால் மற்ற ரோஸ்வுட் எல்லாம் ஷீஷம் என்ற பெயரில் வரும்' என்பது எதிர்த்தரப்பின் வாதம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அதே மாநாட்டில் இன்னொன்று நிறைவேறியது: கிட்டார், கிளாரினெட் போன்ற முடிவுற்ற இசைக்கருவிகளுக்கும் அவற்றின் பாகங்களுக்கும் எடை வரம்பே இல்லாமல் முழு விலக்கு. கருவி தயாரிப்பாளர்களும் இசைக்குழுக்களும் இரண்டு ஆண்டுகள் ஒழுங்காகத் திரண்டு, கூட்டம்தோறும் போய் உட்கார்ந்து பேசிப் பெற்றது அது. அவர்கள் கேட்டது நியாயம்தான். ஒரு கிட்டாரின் விரல்பலகைக்காக மடகாஸ்கர் அழியவில்லை. நகைப்பெட்டிக்காகவும் அழியவில்லை. ஆனால் பெட்டிக்குக் கிடைத்தது 'முடிவுற்ற பொருள், ஒரு அனுப்புதலுக்கு 10 கிலோ வரை' என்ற விலக்கு. சஹாரன்பூரின் காதா கேடி பட்டறைத் தெருக்களிலிருந்து ஜெனீவாவுக்குப் போய் உட்கார ஆள் இல்லை.

ஒரு அனுப்புதலுக்கு 10 கிலோ என்பது அரைக் கன அடி மரத்துக்கும் குறைவு. தபாலில் தனி வாடிக்கையாளருக்கு அனுப்புபவருக்கு அது உதவியது. 600 பெட்டி ஆர்டர் எடுத்தவருக்கு மரம் மட்டும் 468 கிலோ. அவருக்கு அதில் ஒன்றுமே இல்லை. 2022 நவம்பரில் பனாமாவில் நடந்த சைட்டிஸ் மாநாட்டில் இந்தியா இதைத்தான் மறுபடி எடுத்தது. இந்த முறை பட்டியலிலிருந்து நீக்கக் கேட்கவில்லை. அந்த 10 கிலோ எதன் எடை என்று மட்டும் கேட்டது. நீண்ட பேச்சுக்குப் பின் ஒப்புக்கொள்ளப்பட்டது: 10 கிலோ என்பது ஒவ்வொரு பொருளுக்குமான வரம்பு, ஒரே சரக்கில் எத்தனை பொருள் வேண்டுமானாலும் சைட்டிஸ் அனுமதியின்றிப் போகலாம், எடையில் மரத்தை மட்டும் கணக்கிட வேண்டும், பித்தளை போன்ற உலோகத்தை விட்டுவிடலாம். ஒரு அலகை மாற்றியதில் அரைக் கன அடி என்ற கூரை சிறு பொருட்களுக்கு மறைந்தது. காட்டுக்கு இதனால் எந்தப் புதிய ஆபத்தும் இல்லை, ஏனென்றால் மரக்கொள்ளையர்கள் பெட்டி செதுக்கி விற்பதில்லை. கட்டையாகவும் பலகையாகவும்தான் கடத்துகிறார்கள். இந்த வேறுபாட்டை 2016லேயே வாசகத்தில் எழுதியிருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம். ஆறு ஆண்டு தாமதத்தில் உளியை வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனவர்களை எந்தத் திருத்தமும் திரும்பக் கூட்டிவராது.

பட்டறையில் கவனிக்க வேண்டியவை

விலக்கு வந்துவிட்டது என்பதால் சரக்கு தானாகப் போய்விடாது. விலக்குக்கு உட்பட்ட பொருள் என்று காட்டும் பொறுப்பு அனுப்புபவருடையது. விதியின் வாசகம் மாநாட்டுக்கு மாநாடு திருத்தப்படுவதால், அனுப்பும் மாதத்தில் நடப்பில் உள்ள வடிவத்தைக் கைவினைக் குழுவிடம் கேட்டுக்கொள்வதும் வேண்டும்.

பெரும்பாலான தடங்கல் பெயரில்தான் தொடங்குகிறது. இணையக் கடைகளில் ஷீஷமை 'இந்தியன் ரோஸ்வுட்' என்று எழுதினால் விலை ஏறுகிறது என்பதால் பலரும் அப்படியே எழுதுகிறார்கள். இறக்கும் துறைமுகத்தில் அந்தச் சொல் ஈட்டியைக் குறிக்கும். பில்லில் ஷீஷம், லேபிளில் ரோஸ்வுட், பேக்கிங் லிஸ்ட்டில் வெறும் 'மரப்பெட்டி' என்று மூன்று தாளில் மூன்று பெயர் இருந்தால் சரக்கு நிற்கும்; நின்ற நாளுக்கெல்லாம் துறைமுக வாடகை ஏறும். டல்பெர்ஜியா சிஸ்ஸூ என்ற அறிவியல் பெயரை எல்லாத் தாளிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் போடுவதுதான் மருந்து. சட்டவிரோத மர வணிகத்தைத் தடுக்கும் அமெரிக்காவின் லேசி சட்டப்படி அறிவிப்பு தேவைப்படும் பொருளானால், பேரினம், இனம், வெட்டிய நாடு, அளவு, மதிப்பு எல்லாம் கேட்பார்கள். அங்கேயும் இதே பெயர்தான் இருக்க வேண்டும்.

அடுத்தது எடை. மரம் ஈரத்தைக் குடிக்கும், விடும். 10 சதவீத ஈரப்பதத்தில் 9.8 கிலோ இருந்த ஸ்டூல், மழைக்காலக் கிடங்கில் கிடந்து 14 சதவீதத்துக்குப் போனால் 10.16 கிலோ ஆகிவிடும். பட்டறையில் வரம்புக்குள் இருந்தது துறைமுகத் தராசில் வரம்பைத் தாண்டும். வடிவமைக்கும்போதே 9 கிலோவை உச்சமாக வைத்துக்கொள்வது நல்லது. நாற்காலி, ஸ்டூல், முக்காலி, கண்ணாடிச் சட்டம், தட்டு எல்லாம் இதற்குள் அடங்கும். டீப்பாய் அடங்காது: 110க்கு 60 செ.மீ., 2.5 செ.மீ. கனமுள்ள மேல்பலகை மட்டுமே ஏறத்தாழ 12.9 கிலோ. கால்களைக் கழற்றித் தனித்தனிப் பெட்டியில் அனுப்பினால் தனிப் பொருளாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். விற்பது ஒரு மேசை என்றால் எடையும் ஒரு மேசையின் எடைதான் என்று எடுத்துக்கொண்டு சான்று வாங்குவதே பாதுகாப்பு.

கலப்பு மரப் பொருளில் பட்டியலில் உள்ள மரத்தின் எடை மட்டுமே கணக்கு. முன்பலகையும் சட்டமும் ஷீஷம், பின்பலகையும் இழுப்பறை அடியும் மாமரம் என்று செய்யும் அலமாரியில் இது பெரிய வித்தியாசம் தரும். ஆனால் அதை நிரூபிக்க வெட்டுப்பட்டியல் வேண்டும்: ஒவ்வொரு துண்டின் நீளம், அகலம், கனம், எந்த மரம், எத்தனை துண்டு. ஒரு மாதிரிக்கு ஒருமுறை எழுதி வைத்தால் போதும், ஆர்டர்தோறும் அதுவே உதவும். முடிந்தால் அந்த மாதிரியில் ஒன்றை ஒட்டுமுன் துண்டுகளாகவே தராசில் வைத்து எடுத்துக் குறித்துக்கொள்ளலாம். அளவிலிருந்து கணக்கிட்ட எடைக்கும் தராசு எடைக்கும் இடையே பலகைக்குப் பலகை வேறுபாடு இருக்கும். தார்கஷிப் பெட்டியில் கம்பி பதிப்பதற்கு முன் ஒரு எடை, பின் ஒரு எடை எடுத்தால் பித்தளையின் பங்கு தெளிவாகத் தெரிந்துவிடும்.

இனி மூலம். சான்று வாங்க வேண்டிய பொருளுக்கு இதுதான் கடினமான பகுதி, பல பட்டறைகள் இங்கேதான் தோற்கின்றன. ஷீஷம் இரண்டு வழியில் சந்தைக்கு வருகிறது. வாய்க்கால் கரை, நெடுஞ்சாலை ஓரத்து மரங்கள் பல இடங்களில் அரசின் 'பாதுகாக்கப்பட்ட காடாக' அறிவிக்கப்பட்டவை. அவை 'வன நிகாம்' எனப்படும் அரசு வனக் கழகத்தின் டிப்போவில் ஏலம் போகும், ஏலச் சீட்டு உண்டு. வரப்பு மரம் விவசாயியுடையது. அதை நின்ற நிலையில் ஒரு வியாபாரி பேரம் பேசி வாங்கி, வெட்டி, மண்டிக்குக் கொண்டுபோவார். வெட்ட அனுமதி வேண்டுமா, வண்டியில் ஏற்றப் போக்குவரத்துச் சீட்டு வேண்டுமா என்பது மாநிலத்துக்கு மாநிலம், சில இடங்களில் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். 2023 டிசம்பரில் நாடு முழுவதுக்குமான இணையவழிப் போக்குவரத்துச் சீட்டு முறை தொடங்கியதால் மாநில எல்லையில் படும் பாடு குறைய வழி பிறந்திருக்கிறது.

மண்டியில்தான் நூல் அறுகிறது. ஏலக் கட்டையும் வரப்புக் கட்டையும் ஒரே குவியலில் கிடக்கும். அறுவை மில்காரர் குவியலாக வாங்குவார், பலகையாக விற்பார். பட்டறைக்காரர் கையில் இருப்பது 'ஷீஷம் பலகை, இத்தனை கன அடி' என்ற ஜிஎஸ்டி பில் மட்டும். மரம் சட்டப்படி வெட்டியதுதான், சந்தேகமே இல்லை. காட்டத் தாள் இல்லை. இதைச் சரிசெய்யப் பெரிய மென்பொருள் எதுவும் வேண்டியதில்லை. மில்லுக்கு வரும்போதே கட்டையின் இரு முனையிலும் பெயின்ட்டில் ஒரு எண், அந்த எண்ணுக்கு எதிரே ஏலச் சீட்டு அல்லது போக்குவரத்துச் சீட்டின் எண். நீளவாட்டில் அறுக்கும்வரை ஒவ்வொரு பலகையின் முனையிலும் எண்ணின் ஒரு பகுதி ஒட்டியிருக்கும். குறுக்கே வெட்டினால் போய்விடும். அதனால் குறுக்கு வெட்டுக்கு முன் பலகையின் முகத்தில் மறுபடி எழுத வேண்டும். இந்த ஒரு நிமிட வேலையை விடுவதால்தான் பின்னால் வாரக்கணக்கில் அலைச்சல்.

சரிபார்க்க வருபவர்கள் உள்ளே வந்த மரத்தையும் வெளியே போன பொருளையும் ஒப்பிடுவார்கள். இங்கே சேதாரத்தை எழுதாமல் விடுவது பெரும் பிழை. வைரத்தைச் சுற்றியுள்ள வெளிர்மரமான வெளிறு முழுதும் கழிந்துபோகும், ஏனென்றால் ஷீஷமின் வெளிறு மாதக்கணக்கில் உளுத்துப் பொடியாகிவிடும். அதை ஏற்றுமதிப் பொருளில் வைக்கவே கூடாது. இழைத்தூள், வெடித்த முனை, முடிச்சு எல்லாம் போக மிஞ்சுவது வாங்கிய அளவில் பாதிகூட வராத நாட்கள் உண்டு. கழித்ததை வாரம் ஒருமுறை எடைபோட்டு விறகுக்கு விற்ற சீட்டோடு சேர்த்து வைத்தால் கணக்கு நேராகும். அதை எழுதாதவர் கணக்கில் மரம் மாயமாகி நிற்கும்.

கப்பலேற்றும் மரத் தட்டுக்கும் பெட்டிக்கும் தனி விதி: பொதுவாக உட்புறம் 56 டிகிரி செல்சியஸில் குறைந்தது 30 நிமிடம் சூடேற்றி முத்திரை குத்தியிருக்க வேண்டும். அது பூச்சி பரவாமல் இருக்க, இதற்கும் சைட்டிஸுக்கும் தொடர்பில்லை. ஒன்றைச் செய்துவிட்டு மற்றது முடிந்தது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள்.

மாமரம் மாற்றா?

பட்டியலில் இல்லாத மரத்துக்கு மாறிவிடலாமே என்பது வெளியிலிருந்து பார்க்கத் தோன்றும் யோசனை. பலரும் மாறினார்கள். காய்ப்பு முடிந்த மாந்தோப்பை வெட்டும்போது கிடைக்கும் மரம் என்பதால் சுற்றுச்சூழல் நோக்கில் நல்ல பெயரும் உண்டு. ஆனால் கைவினைக்கு இதன் விலை அதிகம். மாமரம் மென்மையானது, மெல்லிய ஜாலியில் குறுக்கு இழை முறியும், ஆகவே வடிவத்தையே தடிமனாக்க வேண்டியிருக்கிறது. நிறம் வெளுப்பு, எனவே சாயமும் கூடுதல் பூச்சும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மாமரம் பூச்சிக்கு விருந்து. அறுத்த சில நாட்களுக்குள் போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் ஊறவைக்கவோ, அழுத்தக் கலனில் ஏற்றவோ வேண்டும். பிறகு சூளையில் உலர்த்த வேண்டும். இந்தக் கலனும் சூளையும் வைத்திருப்பவர் பெரிய மில்காரர். சிறு பட்டறை தொட்டியில் முக்கியெடுத்தால் மருந்து மேலாக நிற்கும், உள்ளே போகாது. ஆறு மாதம் கழித்து வாங்கியவர் வீட்டில் மாவு கொட்டும், பணம் திரும்பக் கேட்பார். மீந்த கரைசலை எங்கே ஊற்றுகிறார்கள் என்பதையும் யாரும் கேட்பதில்லை. மருந்தே தேவைப்படாத ஒரு வைரக்கட்டையை விட்டு, மருந்தும் சாயமும் கேட்கும் மரத்துக்குத் தொழிலைத் தள்ளியது சுற்றுச்சூழலுக்கு என்ன லாபம் என்று விதியை எழுதியவர்கள் ஒருமுறையாவது கணக்குப் பார்த்திருக்க வேண்டும்.

மாறுவதே தவறு என்று சொல்லவில்லை. பஞ்சாபின் ஹோஷியார்பூரிலும் மைசூரிலும் மரத்தில் பதிக்கும் வேலைக்கு ஒரு காலத்தில் யானைத் தந்தம் பயன்பட்டது. ஆப்பிரிக்க யானை 1989ல் முதல் பட்டியலுக்குப் போனது, இந்தியாவின் சொந்தச் சட்டமும் இறுகியது. அவர்கள் ஒட்டக எலும்புக்கும் அக்ரிலிக்குக்கும் மாறினார்கள். வேலையின் அழகு கொஞ்சம் குறைந்தது, யானை மிஞ்ச அது கொடுக்கத் தகுந்த விலை. தந்தம் வேண்டுமென்றால் யானை சாக வேண்டும். ஷீஷமில் நிலைமை தலைகீழ்: விற்க முடிந்தால்தான் விவசாயி நடுவார்.

நடவுதான் இதில் எனக்கு மிகுந்த கவலை தரும் பகுதி. 1990களின் பிற்பகுதியிலிருந்தே பிகார், உத்தரப் பிரதேசம், நேபாளத்தின் தராய் சமவெளி, வங்கதேசம் எங்கும் ஷீஷம் நுனியிலிருந்து காய்ந்து சாகும் நோய் பரவியது. ஃபியூசேரியம் பூஞ்சையும் தேங்கும் நீரும் அதில் பெரும் பங்கு வகித்தன. மறுபக்கம், ஹரியானாவின் யமுனாநகர் பிளைவுட் ஆலைகளுக்காக ஆறேழு ஆண்டில் வெட்டக்கூடிய பாப்லரும் யூகலிப்டஸும் வரப்பைப் பிடித்தன. ஷீஷம் வைரம் பாய இருபது, முப்பது ஆண்டு நிற்க வேண்டும். மகன் காலத்தில் வெட்டப்போகும் மரத்தின் சந்தை நிச்சயமில்லை என்று அப்பாவுக்குத் தெரிந்தால் அவர் பாப்லர்தான் நடுவார். ஷீஷமின் உண்மையான ஆபத்து நோயும் நடாமல் விடுவதும்தான். அந்த இரண்டையும் எந்த ஏற்றுமதி அனுமதியும் தடுக்காது. நோய் தாங்கும் நாற்று தடுக்கும், நல்ல விலை தடுக்கும்.

அடுத்து வருவது

ஐரோப்பிய ஒன்றியம் 2023ல் காடழிப்பற்ற பொருட்களுக்கான சட்டத்தை நிறைவேற்றியது. நடைமுறைத் தேதி தள்ளிப்போடப்பட்டு வந்தாலும் சட்டம் நிற்கிறது. மர அறைகலனும் மரச் சிற்பமும் அலங்காரப் பெட்டியும் அதில் அடக்கம். இங்கே 10 கிலோ விலக்கெல்லாம் கிடையாது. மரம் நின்ற நிலத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைப் புள்ளிக்குப் பின் ஆறு இலக்கம்வரை தர வேண்டும். 4 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலமென்றால் பொதுவாக எல்லைக்கோடே வேண்டும். 2020 டிசம்பர் 31க்குப் பின் காடழித்த நிலமாக இருக்கக் கூடாது. இந்தியா குறைந்த ஆபத்துள்ள நாடு என்று வகைப்படுத்தப்பட்டிருப்பதால் ஆய்வுச் சுமை குறைவு, ஆனால் நிலத்தின் இடக்குறிப்பு கேட்பது நிற்காது.

வரப்பு மரத்துக்கு இது சைட்டிஸை விடச் சிக்கலானது. ஒரு கன்டெய்னர் சரக்குக்குப் பல நூறு மரம், பல நூறு வரப்பு. ஒரு பெட்டியின் மூடி ஒரு கிராமத்தது, அடிப்பலகை இன்னொரு கிராமத்தது. பட்டறைக்காரரால் இதைப் பின்னோக்கிப் போய்க் கண்டுபிடிக்கவே முடியாது. மரம் விழும் இடத்திலேயே பதிந்தால் மட்டும் முடியும். வெட்டும் வியாபாரியின் கைப்பேசி வரைபடத்தில் அடிக்கட்டையின் அருகே நின்று புள்ளியைத் தொட்டால் ஆறு இலக்கத்தோடு எண் வரும். அதை மில்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, கட்டையில் எழுதும் அதே எண்ணின் எதிரே மில்காரர் குறித்துக்கொள்ளலாம். சிறு பட்டறைகள் தனித்தனியே கேட்டால் எந்த மில்லும் அசையாது. ஒரே தெருவில் இருபது பட்டறைகள் சேர்ந்து ஒரே மில்லில் வாங்கி, எண் எழுதாத பலகையை வாங்க மாட்டோம் என்றால் மில் மாறும். எண் எழுதிய பலகைக்குக் கன அடிக்குச் சில ரூபாய் கூடக் கொடுத்தாலும் நஷ்டமில்லை. அந்தக் கூடுதல் ரூபாயில் ஒரு பங்கு, புள்ளியைத் தொட்டு அனுப்பிய வியாபாரிக்கும் மரம் நட்ட விவசாயிக்கும் போகும்படி பேசிக்கொள்வது மண்டியில் முடிகிற காரியம்தான். அதற்கு எந்த மாநாட்டுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.